ஒப்பிடக் கொடுத்த ரத்தம்

நாற்பதைத் தாண்டிய பிறகும் அவளை வீட்டில் எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணன் வைத்த பெயர் அது. அண்ணி வந்தபோது அவளும் அதையே பிடித்துக்கொண்டாள். அண்ணன் மகள் பேசத் தொடங்கியதும் பாப்பா அத்தை என்று நீட்டிக்கொண்டாள். கல்யாணப் பேச்சு ஒரு காலத்தில் வந்தது, போனது, அப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை, கீழே சாப்பாடு, காலையில் பஸ் பிடித்தால் ஆய்வுக்கூடம். அவ்வளவுதான் பாப்பாவின் வாழ்க்கை. அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

ஆய்வுக்கூடத்தின் வேலை ரசாயனங்களைச் சோதிப்பது. மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம், தலைக்குப் பூசும் மை என்று ஏதாவது ஒன்று சின்னச் சீசாவில் வந்துகொண்டே இருக்கும். உயிருள்ள செல்லுக்குள் போனால் அது மரபு இழையை அறுக்குமா, அதில் எழுதியிருப்பதை மாற்றுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முதலில் கிருமிகளிடம் கேட்பார்கள். அந்தக் கிருமிகள் பிறவிக் குறையோடு வளர்க்கப்பட்டவை. ஒரு குறிப்பிட்ட சத்தை வெளியிலிருந்து ஊட்டாவிட்டால் தட்டில் முளைக்காது. ரசாயனம் உள்ளே புகுந்து மரபைக் கிளறினால், அந்தக் களேபரத்தில் சிலவற்றுக்குக் குறை தானாகச் சரியாகிவிடும். ஊட்டாமலே வெள்ளைப் புள்ளிகளாக முளைத்து நிற்கும். புள்ளி கூடக் கூட ரசாயனம் பொல்லாதது என்று அர்த்தம். தட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாலே பாப்பாவுக்குச் சேதி தெரிந்துவிடும்.

அண்ணன் சாயத் தொழிற்சாலையில் மஞ்சள் பொடிக் கொட்டகையில் வேலை பார்த்தான். உலையிலிருந்து கட்டியாக வருவதை அரைத்து, சலித்து, பையில் அடைக்கிற இடம். அவன் ஒழுங்கானவன். முகமூடி போடாமல் கொட்டகைக்குள் கால் வைக்க மாட்டான். கையுறை கிழிந்தால் சண்டை போட்டாவது வேறு வாங்கிக்கொள்வான். ஆனால் உடுத்திய துணியோடுதானே வீட்டுக்கு வர வேண்டும். உடை மாற்ற ஓர் அறை கட்டித் தருவதாகத் தொழிற்சாலை பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வாசலில் அவன் காலடி கேட்டதும் அண்ணி சட்டையைக் கழற்றச் சொல்லி, கொல்லைப்பக்கம் கொண்டுபோய் உதறி, தொட்டியில் ஊறப்போடுவாள். எத்தனை தண்ணீர் மாற்றினாலும் மஞ்சள் போகாது. தலையணை உறை மஞ்சள், துண்டு மஞ்சள். கரண்ட் போனால் தனக்குக் கவலையே இல்லை, புருஷனைக் கூடத்தின் நடுவில் உட்கார வைத்தால் போதும் என்று அண்ணி கேலி செய்வாள்.

ஒரு நாள் அந்தப் பொடியே பாப்பாவின் மேசைக்கு வந்தது. வெளிநாட்டில் வாங்க இருந்த கம்பெனி சோதனைச் சான்று கேட்டிருந்தது. சீசாவில் பெயருக்குப் பதில் குறியீடு இருந்தாலும், மூடியைத் திறந்ததும் அவளுக்கு அது வீட்டு வாசனையாக அடித்தது.

வெறும் பொடியைச் சேர்த்த தட்டுகளில் ஒன்றும் முளைக்கவில்லை. அதோடு எலியின் ஈரல் சாற்றையும் கலந்து வைத்த தட்டுகள் கொட்டிவைத்த ரவை மாதிரி வெள்ளைப் புள்ளியாக நிறைந்து கிடந்தன. பொடி தானாக விஷம் இல்லை. உடம்புக்குள் போன பிறகு ஈரல் அதைக் கழுவி வெளியேற்றப் பார்க்கிறது. அந்த முயற்சியில்தான் அது விஷமாகிறது. பாப்பா இதை எத்தனையோ ரசாயனத்தில் பார்த்தவள். அன்றைக்கு மட்டும் தட்டைப் பிடித்த கையைக் கீழே இறக்க அவளுக்குச் சற்று நேரமாயிற்று.

ஆய்வுக்கூடத் தலைவியை எல்லாரும் டாக்டரம்மா என்பார்கள். கிருமியில் தெரிந்தது மனுஷனிலும் தெரிகிறதா என்று கொட்டகைத் தொழிலாளிகளின் ரத்தத்தில் பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். வாங்குகிறவர்களும் கேட்டதால் தொழிற்சாலை தலையாட்டியது. தொழிலாளிகள்தான் மசியவில்லை. ரத்தம் எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வார்களோ, வேலைக்கு உலை வைத்துவிடுவார்களோ என்று பயம். டாக்டரம்மா பாப்பாவைப் பார்த்தார். பாப்பா அண்ணனைப் பிடித்தாள்.

அண்ணனுக்கு வாய் உண்டு, கொட்டகையில் மரியாதையும் உண்டு. அவன் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசினான். "என் தங்கச்சிதான் கண்ணால பாக்கப் போறா. அவ கண்ணுல மண்ணத் தூவ ஒருத்தனாலும் முடியாது. நமக்குள்ள என்ன இருக்குன்னு நமக்கே தெரியணுமில்ல?" என்று அவன் கேட்டதாகப் பின்னால் பலர் நினைவு வைத்துச் சொன்னார்கள். தெரிந்துகொள்ளலாம் என்றுதான் எல்லாரும் கையை நீட்டினார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பொடியைத் தொடாதவர்களின் ரத்தமும் வேண்டும். ஆண்களுக்கு அலுவலகக் குமாஸ்தாக்கள் கிடைத்தார்கள். கொட்டகையில் பை தைக்கிற பெண்களும் இருந்ததால் ஒப்பிடப் பெண்களும் தேவைப்பட்டார்கள், அவர்கள்தான் குறைந்தார்கள். சாப்பிடும்போது பாப்பா இதைச் சொல்லப்போக, அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வீட்டோட கெடக்கறவ நான். நான் எந்தப் பொடியத் தொட்டேன்? என் ரத்தத்த எடுத்துக்கோ பாப்பா. நல்லா சுத்தமா இருக்கும்."

ஆய்வுக்கூடத்தில் அண்ணியிடம் கேள்விகள் கேட்டார்கள். தொழிற்சாலையில் வேலை பார்த்ததுண்டா, புகைப்பதுண்டா, அண்மையில் எக்ஸ்ரே எடுத்ததுண்டா, தீராத நோய் ஏதும் உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். புருஷன் சட்டையை யார் துவைப்பது என்று யாரும் கேட்கவில்லை. ஊசி ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு பாப்பாவின் கையை நசுக்கினாள். முடிந்ததும், இதற்கா இந்தப் பாடு என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தாள்.

அந்த ரத்தத்தை மூன்று நாள் இளஞ்சூட்டில் வைத்து, வெள்ளை அணுக்களைப் பிளவுபட வைத்து, பாதியில் நிறுத்துவார்கள். அப்போது ஒரு செல்லுக்குள் இரண்டு உட்கரு இருக்கும், ஒரே முட்டைக்குள் இரண்டு கரு இருப்பது மாதிரி. இழை எங்காவது அறுந்திருந்தால் அறுந்த துண்டு இரண்டிலும் சேர முடியாமல், ஓரமாக ஒரு குட்டி உருண்டையாக ஒதுங்கிக் கிடக்கும். ஆய்வுக்கூடத்தில் அதைச் சில்லு என்பார்கள். ஆளுக்கு ஆயிரம் செல் பார்த்து எத்தனை சில்லு என்று எண்ண வேண்டும். எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும். கூடுகிறதா என்பதுதான் கேள்வி. கண்ணாடித் துண்டில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். யாருடையது என்று தெரிந்தால் கண் ஓரவஞ்சனை செய்துவிடும்.

பாப்பா மாதக்கணக்கில் பார்த்தாள். ஒரு கண்ணாடித் துண்டில் மட்டும் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் சில்லாகக் கிடந்தது. சில செல்களில் இரண்டு, சிலவற்றில் மூன்று. அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். கடவுளே இது அண்ணனாக இருக்கக் கூடாது என்று நினைத்தாள். அப்படியானால் இது வேறு யாரோ ஒருத்தியின் அண்ணன் என்பதும் அவளுக்கு உறைத்தது. உறைத்தும் அதையே நினைத்தாள்.

எல்லாம் முடிந்து எண்களைப் பிரித்தபோது அவள் முதலில் அந்தத் துண்டைப் பற்றித்தான் கேட்டாள். டாக்டரம்மா கணினியைப் பார்த்துவிட்டு, அது கொட்டகை ரத்தமே இல்லை, ஒப்பிட எடுத்த ஒரு பெண்ணுடையது என்றார். பாப்பா நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். அன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். டாக்டரம்மா இன்னொருவரை விட்டு அந்தத் துண்டை மறுபடி பார்க்கச் சொன்னார். அதே கணக்குதான் வந்தது. எங்கேயோ எக்ஸ்ரே எடுத்ததை அந்தப் பெண் மறந்திருப்பாள் அல்லது சொல்லாத நோய் ஏதாவது இருக்கும் என்று முடிவுகட்டி, மற்ற எதோடும் ஒட்டாத அதை ஒதுக்கி வைத்தார்கள். ஒருவரின் கணக்கை அவராக வந்து கேட்காமல் சொல்லக் கூடாது என்பது விதி. அண்ணியின் முகம் ஒரு கணம் பாப்பாவின் மனதில் வந்து போனது. அண்ணி வீட்டோடு இருப்பவள் என்று அதை அவளே தள்ளிவிட்டாள்.

கொட்டகை ஆட்களுக்குச் சில்லு மற்றவர்களைப் போல மூன்று மடங்கு இருந்தது. தொழிற்சாலை உணவுக்கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து டாக்டரம்மா விளக்கினார். கேட்டு முடித்ததும் ஒரே கேள்விதான் வந்தது, தனக்குப் புற்றுநோய் வருமா வராதா என்று. அதைச் சொல்ல முடியாது, கூட்டமாகப் பார்த்தால் ஆபத்து தெரிகிறது, தனி ஆளைப் பார்த்து எதுவும் சொல்ல இந்தச் சோதனையால் ஆகாது என்றார் அவர். சலிப்புப் பொறியை ஓட்டுகிற மனிதர் எழுந்தார்.

"நாங்க கூட்டமாவா சாகப் போறோம், டாக்டரம்மா?"

இதற்கு மருந்து உண்டா என்று ஒருத்தி கேட்டாள். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த மாதமே தொழிற்சாலை முடிவெடுத்தது. பொடியை நிறுத்தவில்லை. ரத்தம் கெட்டவர்களைத் தொடர்ந்து அங்கே வைத்திருப்பது அவர்கள் நலனுக்கு நல்லதல்ல என்று சொல்லி, கொட்டகை ஆட்கள் அத்தனை பேரையும் வெளியே அனுப்பியது. ஒப்பந்தக்காரர் மூலமாகப் புது ஆட்களை உள்ளே விட்டது. அவர்கள் ரத்தம் சுத்தமாக இருந்தது, ஏனென்றால் அதை யாரும் பார்க்கவில்லை. டாக்டரம்மா யார் யாரையோ போய்ப் பார்த்தார். எல்லாரும் அவருக்கு மரியாதையாக நாற்காலி போட்டார்கள், அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

வெளியே வந்தவர்கள் அண்ணனைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வாசலில் வந்து நின்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அண்ணனும் தங்கையும் சேர்ந்து கூட்டத்தையே குழியில் தள்ளிவிட்டார்கள் என்றார்கள். பதிலுக்குப் பதில் கொடுக்கிற அண்ணன் வாயே திறக்கவில்லை. பாப்பாவை ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவள் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பாள்.

ஒரு காலையில் அவன் மாடிக்கு வந்தான். தன் கணக்கை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றான். அதனால் ஒன்றும் தெரியாது என்று பாப்பா சொன்னாள். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எல்லாரும் அதற்காகத்தானே கை நீட்டினார்கள், நானாவது கேட்கிறேன் என்றான். கீழே இருந்து அண்ணி, தானும் வருவதாகவும், தானும்தானே கொடுத்ததாகவும் குரல் கொடுத்தாள். நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அண்ணனின் கணக்கு குமாஸ்தாக்களைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். கொட்டகையிலேயே மிகக் குறைவு அவனுக்குத்தான். முகமூடி காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. பிறகு அண்ணியின் எண்ணைத் தட்டினார். கணினியைப் பார்த்தவர் எண்ணைச் சரிபார்த்து மறுபடி தட்டினார். பாப்பா அந்தத் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள், அது போதுமாக இருந்தது.

டாக்டரம்மா பழைய கேள்விகளையே மறுபடி மெதுவாகக் கேட்டார். அண்ணி பழைய பதில்களையே சொன்னாள். மேசை மேல் கோத்துவைத்திருந்த அவள் கையில் அவர் கண் நின்றது.

"நகம் ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?"

"அதுவா," அண்ணி கூச்சத்தோடு கையை மடியில் இறக்கிக்கொண்டாள். "இவரு சட்டையத் தெனம் துவைக்கறேன்ல. எதப் போட்டுத் தேச்சாலும் போக மாட்டேங்குது."

அண்ணன் எழுந்து வெளியே போனான். வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணிக்கு விஷயம் புரிய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்று வீடு திரும்பியதும் மாடிப்படியில் உட்கார்ந்து அவள் பாப்பாவிடம் சொன்னாள், கொஞ்ச நாளாகச் சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று. வயசாகிறது, மாதவிலக்கு நிற்கிற நேரம், அதனால்தான் என்று இருந்துவிட்டாளாம். எத்தனை நாளாக என்று பாப்பா கேட்டாள். ரத்தம் கொடுத்த சமயத்திலேயே லேசாக இருந்தது என்றாள்.

சிறுநீர்ப்பையில் கட்டி, சுவரைத் தாண்டிப் போயிருந்தது. மருத்துவமனையில் அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். காரணம் பொடிதானா என்று அண்ணன் அங்கிருந்த மருத்துவரைக் கேட்டான், டாக்டரம்மாவைக் கேட்டான், கடைசியில் பாப்பாவைக் கேட்டான். மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். இருக்கலாம். அவன் அந்த வார்த்தையை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டே இருந்தான்.

அண்ணி கட்டிலில் பாதியாகிப்போனாள். மகள் அருகில் இல்லாத ஒரு பிற்பகலில் பாப்பாவைக் கிட்டே வரச் சொன்னாள்.

"அவ பள்ளிக்கூடச் சட்டையும் அதே தொட்டியிலதான் ஊறும் பாப்பா. உன்னோடதும்தான். தனித்தனியா ஊறவெச்சிருக்கணும். எனக்குத் தோணல."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது அண்ணி."

"உனக்குத் தெரியுமா?"

பாப்பா போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டாள்.

"தெரியாதில்ல. அப்ப ஒண்ணு செய். அவ ரத்தத்த எடுக்காத. எடுத்துப் பாத்து என்ன பண்ணப் போற? பாவம், அவ பாட்டுக்கு இருக்கட்டும்."

பாப்பா தலையாட்டினாள். இத்தனை வருஷம் பார்த்த வேலையில் இந்தக் கேள்விக்கு ஒரு பதிலையாவது தேடி வைத்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. எங்கே தேடுவது என்றும் தெரியவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் அண்ணி போய்ச் சேர்ந்தாள். கொட்டகையின் பழைய ஆட்கள் வந்திருந்தார்கள். வாசலில் நின்று ஏசியவர்களே பாடையைத் தூக்கினார்கள். அவர்களின் மனைவிமார் ஒரு மூலையில் கூடி நின்று ஒருவர் நகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா பின்னால் அவர்களை எல்லாம் சோதிக்க வேண்டும் என்று ஆள் அனுப்பினார். ஒருத்திகூட வரவில்லை. வரச் சொல்லி வாதாட அண்ணன் போகவில்லை, பாப்பாவும் போகவில்லை.

மகள் படிப்பைச் சாக்கு வைத்துப் பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். பெட்டி கட்டும்போது துணி மடித்துக் கொடுக்க பாப்பா போனாள். பாப்பாவின் கையிலிருந்ததை மகள் வாங்கித் தானே மடித்துக்கொண்டாள்.

"அத்தை, அம்மா ரத்தத்த நீதான பாத்த?"

"நம்பர் மட்டும்தாம்மா இருக்கும். யாரோடதுன்னு தெரியாது."

"மோசமா இருக்குன்னு தெரிஞ்சுதில்ல?"

"தெரிஞ்சுது."

"அதுக்கப்புறம் எத்தன மாசம் கழிச்சு எங்களுக்குத் தெரிஞ்சுது?"

பாப்பாவிடம் விதி இருந்தது, காரணம் இருந்தது. எதையும் அவள் எடுக்கவில்லை. மகள் பெட்டியை மூடினாள். அதற்குப் பிறகு அவள் அப்பாவோடு பேசுவாள், அத்தையோடு பேசுவதில்லை.

வீட்டில் இரண்டு பேர் ஆனார்கள். பாப்பா சமைப்பாள். அண்ணன் வைத்ததைச் சாப்பிடுவான். பக்கத்தில் ஒரு மரக்கடையில் கொஞ்ச நாள் போனான், நின்றுவிட்டான். பிறகு திடீரென்று காலையில் சீக்கிரம் கிளம்பத் தொடங்கினான். எங்கே என்று கேட்டால் ஏதோ கிடைத்திருக்கிறது என்பான். கொல்லையில் காய்ந்த அவன் சட்டையின் கழுத்துப் பட்டியில் புது மஞ்சளைப் பார்த்துத்தான் பாப்பாவுக்குத் தெரிந்தது.

மறுநாள் அவள் ஆய்வுக்கூடத்துக்குப் போகாமல் தொழிற்சாலை வாசலில் போய் நின்றாள். ஒப்பந்த ஆட்களோடு அண்ணன் வரிசையில் வந்தான். அவளைப் பார்த்ததும் வரிசையை விட்டு விலகி வந்தான். கோபப்படவில்லை.

அவள் தெரிந்ததை எல்லாம் சொன்னாள். அவன் கணக்கு குறைவு, இப்போது விலகிவிட்டால் அப்படியே இருக்கும், உடம்பு தன்னைத்தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும், இத்தனை நாள் தப்பித்தவன் இனிமேல் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். அவள் முடிக்கும்வரை அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அதான் பாப்பா," என்றான். "எனக்கு ஒண்ணும் ஆகலயே. அள்ளினது நான், சலிச்சது நான். எனக்கு ஒண்ணுமே ஆகல."

அவன் கையில் முகமூடி இல்லை. பையிலும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"அண்ணா, வேண்டாம்."

"என் துணிய நானே துவைச்சுக்கறேன். உன் துணியோட சேக்க மாட்டேன். நீ பயப்படாத."

சங்கு ஊதியது. அவன் வரிசைக்குத் திரும்பிப் போனான். முன்னால் நின்றவன் ஏதோ கேட்க, தங்கச்சி என்று சொல்லியிருப்பான், அந்த ஆள் திரும்பி அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான். பெரிய கதவை இழுத்துச் சாத்தினார்கள். பாப்பா காவலாளியிடம் போய், உள்ளே போன தன் அண்ணனைக் கூப்பிட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். வேலை நேரத்தில் யாரையும் கூப்பிட முடியாது என்றார் அவர். நிழலில் வேண்டுமானால் உட்காரச் சொல்லித் தன் முக்காலியைக் கொடுத்தார். சாயங்காலம் வரை அவள் அதில் உட்கார்ந்திருந்தாள்.